விலையாதாரமா, பாட்டச் சீட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வீட்டைச் சுத்தம் செய்தபோது இரண்டு மூட்டை சினிமா டிஸ்க்குகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டதாகவும், பிடித்த படத்தைப் போனிலேயே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதால் மற்றவர்களும் அப்படிச் செய்யலாம் என்றும் சொல்லியிருந்தார். இடம் அடைக்கிறது, தூசி சேர்கிறது என்று அவர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கடைசி வரி, போனில் வாங்கிக்கொள்ளலாம் என்பது, மூன்று நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதில் ‘வாங்கி’ என்ற சொல் தப்பாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 1991 முதல் களியக்காவிளையில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கேசட் போடுகிற டெக்கில் தொடங்கி விசிடி பிளேயர், டிவிடி பிளேயர், இப்போது எல்இடி டிவி என்று எது வந்தாலும் திறந்து பார்த்த கை இது. கடையிலிருந்து கொஞ்சம் நடந்தால் கேரளம் வந்துவிடும். பாறசாலை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை என்று அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். மார்த்தாண்டம், குழித்துறை என்று இந்தப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. ஒரே வீட்டில் மாமியார் மலையாளப் படம் பார்ப்பார், மருமகள் தமிழ்ப் படம் பார்ப்பாள். டிஸ்க் காலத்தில் இரண்டு பேருடைய படமும் ஒரே டிவியின் கீழே ஒரே அடுக்கில் இருந்தன.

போன ஐப்பசி மழையில் இஞ்சிவிளையிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். அவர் கணவர் ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். எனக்கு நன்றாகப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்சுவலியில் போய்விட்டார். இடி விழுந்து வீட்டு டிவியின் போர்டு எரிந்துபோனதால் அக்கா புது டிவி வாங்கியிருக்கிறார். படம் தெரிகிறது, சத்தம் வருகிறது, எல்லாம் சரி. ஆனால் கணவர் வாங்கி வைத்திருந்த படங்களைக் காணவில்லை.

அவர் சினிமாப் பைத்தியம். ஷார்ஜாவில் இருந்த கடைசி ஏழெட்டு வருடத்தில் முப்பத்தாறு படங்களை இணையக் கடை ஒன்றில் விலைக்கு வாங்கியிருந்தார். மாதச் சந்தா இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி வாங்கியவை. பழைய டிவியில் அந்தக் கணக்கு திறந்தபடியே இருந்ததால் அவர் போன பிறகும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். புது டிவி கடவுச்சொல் கேட்டது. அக்காவுக்குத் தெரியாது. மறந்துவிட்டது என்று அழுத்தினால் ஓடிபி ஷார்ஜா நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது.

என் மகள் உதவியோடு அந்தக் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தோம். பெயர் சொல்ல விருப்பமில்லை. இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அனுப்பினோம். பதினெட்டு நாள் கழித்து மரியாதையாகத்தான் பதில் வந்தது. இரங்கல் தெரிவித்திருந்தார்கள். அப்புறம், கணக்கில் உள்ள படங்கள் வாங்கியவருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அனுமதி என்றும், அதை வேறொருவருக்கு மாற்ற முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். நான் அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அவர் ரூபா கொடுத்துத்தானே வாங்கினாரு?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறுவாரம் அவர் ஒரு பழைய சூட்கேஸோடு வந்தார். உள்ளே ஒரு டிவிடி பிளேயரும் நூற்றுக்கு மேல் டிஸ்க்குகளும் இருந்தன. கணவர் ஷார்ஜா போவதற்கு முன்பும், லீவில் வந்தபோதும் பாறசாலையிலும் மார்த்தாண்டத்திலும் வாங்கியவை. பிளேயரில் எந்த டிஸ்க்கைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்றே வந்தது.

நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். நடுவில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு லென்ஸ். அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் இருந்தது. அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இருக்கும் எல்லாப் பிளேயருக்கும் வருவதுதான். தேங்காய் எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து படிவது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, அழுத்தாமல், மெதுவாகத் தொட்டு எடுத்தேன். ட்ரேயின் பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றினேன். மொத்தம் அரை மணி நேர வேலை. ஒரு டிஸ்க்கை எடுத்து மெத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துப் போட்டேன். தட்டு சுழலும் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் திருட்டு விசிடி எச்சரிக்கை, அடுத்தது சென்சார் சான்றிதழ், அப்புறம் படம்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. டிஸ்க் கவரின் உள்தாளை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். கணவருக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. வாங்கிய தேதி, ஊர், விலை மூன்றையும் உள்தாளின் பின்பக்கம் நீல மையில் எழுதி வைப்பார். அந்தக் கவரில் இருந்தது: “12-4-2008. பாறசாலை. ரூ. 28. விஷுவுக்கு அம்மா கேட்டது.” அதற்குக் கீழே வேறு மையில், “பெரியவன் வீட்டில் கொடுத்தது”, அதை அடித்துவிட்டு, “திரும்பி வந்தது.”

28 ரூபாய் என்று பார்த்ததும் எனக்கு அந்த வருடங்கள் ஞாபகம் வந்தன. 2007இல் மோசர் பேயர் கம்பெனி விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. அதற்கு முன்பு அசல் டிஸ்க் நூறு, நூற்றைம்பது கொடுக்க முடியாமல் பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் திருட்டு விசிடி வாங்கியவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். தமிழ்நாடு அரசு 2004இல் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தும் அது நின்றபாடில்லை. ஆனால் அசலே 28 ரூபாய்க்கு வந்தபோது ஜனங்கள் அசலை வாங்கினார்கள். நான் கண்ணால் பார்த்தது இது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலும் உறை பிரிக்காத அசல் டிஸ்க் இருந்தது. நியாயமான விலைக்கு நிஜமான பொருளைக் கொடுத்தால் ஜனங்கள் காசு கொடுப்பார்கள். அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. கம்பெனி இல்லை, அது விற்ற டிஸ்க் என் கடை மேசையில் ஓடியது.

எங்கள் பக்கம் நிலம் வாங்குபவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று விலையாதாரம், இன்னொன்று பாட்டச் சீட்டு. விலையாதாரம் எழுதிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. தென்னை வைக்கலாம், வெட்டலாம், மகளுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். பாட்டம் என்றால் சொன்ன காலம் வரை அனுபவிக்கலாம், உடையவன் உடையவன்தான். பாட்டம் தப்பில்லை. எத்தனையோ பேர் பாட்டத்துக்கு எடுத்து வாழை வைத்துப் பிழைக்கிறார்கள். ஆனால் விலையாதாரம் என்று சொல்லி, விலையாதாரத்துக்கான பணத்தையும் வாங்கிக்கொண்டு, கையில் பாட்டச் சீட்டைக் கொடுத்தால் அதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர். இணையக் கடைகளில் இப்போது நடப்பது இதுதான். ஒரே படத்துக்குக் கீழே ‘வாடகை’ என்று ஒரு பொத்தான், ‘வாங்கு’ என்று ஒரு பொத்தான். வாங்கு என்பதற்கு விலை அதிகம். அதிகம் கொடுத்தால் கிடைப்பதும் பாட்டம்தான், தேதி போடாத பாட்டம்.

ஏன் என்று மெக்கானிக் பார்வையில் சொல்கிறேன். பெரும்பாலும் படத்தைப் பூட்டித்தான் விற்கிறார்கள், டிவிடியிலும் பூட்டு உண்டு. ஆனால் டிவிடியைத் திறக்கிற சாவி டிஸ்க்கிலும் பிளேயரிலுமே இருக்கிறது. இரண்டும் உங்கள் வீட்டில் இருக்கின்றன. கரண்ட் இருந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். இணையத்தில் வாங்கிய படத்தின் சாவி கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்கள் டிவி அங்கே போய், இந்தக் கணக்குக்காரர் பார்க்கலாமா என்று கேட்கும். பார்க்கலாம் என்று பதில் வந்தால்தான் படம் ஓடும். டவுன்லோடு செய்து வைத்திருக்கிறேனே என்பார்கள் சிலர். அந்தக் கடையின் செயலிக்குள் (‘ஆப்’) இறங்குவதும் பூட்டிய பெட்டிதான். அதை எடுத்து பென்டிரைவில் போட்டு வேறு டிவியில் பார்க்க முடியாது. கணக்கு போனால் பெட்டியும் போச்சு.

சரி, கம்பெனி ஏன் கதவை அடைக்கிறது? எல்லா நேரமும் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். நம் சினிமாவில் ஒரு படத்துக்கு நெகட்டிவ் உரிமை ஒருவரிடம் இருக்கும், சேட்டிலைட், அதாவது டிவி உரிமை ஒருவரிடம், டிஜிட்டல், அதாவது இணைய உரிமை ஒருவரிடம், வெளிநாடு இன்னொருவரிடம். ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு. தயாரிப்பாளர் கடனில் விழுந்தால் உரிமை கைமாறும், கோர்ட்டுக்குப் போகும். ஒப்பந்தம் முடிந்ததும் கடை அந்தப் படத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிடும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் விட்டுவைப்பது பல கடைகளில் வழக்கம். ஆனால் அது வழக்கம்தான். நீங்கள் சட்டையைப் பிடித்துக் கேட்கக்கூடிய உரிமை இல்லை.

எனக்கே நடந்தது. 2018இல் என் மகளுக்குப் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில், அவள் சின்ன வயதில் கேட்டுக் கேட்டுப் பார்த்த ஒரு மலையாளப் படத்தை 150 ரூபாய் கொடுத்து ‘வாங்கினேன்’. நாலு வருடம் கழித்து ஓணத்துக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது போடப் போனால், தற்போது கிடைக்கவில்லை என்று ஒரு வரி. எந்தக் கடிதமும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. 150 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் என் அலமாரியைத் திறந்து ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், எனக்குச் சொல்லக்கூட இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் என்ற வீடியோ கேம் பெட்டியின் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய நூற்றுக்கணக்கான படங்கள், ஸ்டுடியோகேனல் என்ற படக் கம்பெனியுடன் இருந்த ஒப்பந்தம் தொடராததால், 2022 ஆகஸ்ட் கடைசியோடு வாங்கியவர்கள் கணக்கிலிருந்தே மறைந்தன. அமெரிக்காவில் பல ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற டிஜிட்டல் பெட்டகம் 2019 ஜூலை 31ஆம் தேதி மூடப்பட்டது. வேறு கடைகளோடு கணக்கை இணைத்து வைத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் படம் தப்பியது. கலிபோர்னியா மாநிலம் இதற்காகவே ஒரு சட்டம் போட்டு, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. டிஜிட்டல் பொருளை ‘வாங்கு’ என்று சொல்லி விற்றால், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சட்டம். இல்லையென்றால் எவர் தயவும் இல்லாமல் வைத்துக்கொள்ளும்படி படத்தை டவுன்லோடு செய்ய விட வேண்டும். இவ்வளவுதான் சட்டம். சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பொய்யைப் பொய் என்று ஒரு அரசு எழுத்தில் வைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2023 நவம்பரில், இணையக் கடைகள் வாங்குபவரை ஏமாற்றித் திசைதிருப்பும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் அதிகாரிகள் இந்த ‘வாங்கு’ பொத்தானையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது எங்கள் மண்ணோடு சேர்ந்தது. மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் ஜே.சி. டேனியல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில்தான் 1975இல் வறுமையில் கண்ணை மூடினார். சொத்தை விற்று அவர் எடுத்த ‘விகதகுமாரன்’தான் மலையாளத்தின் முதல் படம். இன்று அதன் ஒரு சுருள்கூட இல்லை. அவர் பெயரில் கேரள அரசு விருது கொடுக்கிறது, ஆனால் அவர் எடுத்த படத்தை யாராலும் பார்க்க முடியாது.

அடுத்து, டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ எடுத்தார். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் அது. நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகக் கடைக்காரர்கள் உரிமை தங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். படம் தியேட்டரில் நிற்கவில்லை. சுந்தர்ராஜுக்குப் பெரிய நஷ்டம். ஆனால் வழக்கின் பேரில் அந்தப் படச்சுருள் புத்தகக் கடையில் போய்ச் சேர்ந்தது. நாற்பது வருடம் அங்கே கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த பி.கே. நாயர் அதை மீட்டுக்கொண்டு போனார். இன்று மலையாளத்தின் மௌனப் படக் காலத்திலிருந்து நமக்குப் பார்க்கக் கிடைப்பது அது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தை அது வெளிவருவதையே எதிர்த்தவர்களின் கடை காப்பாற்றியது. அவர்கள் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்களோ இல்லையோ, அது ஒரு பொருளாக, ஒரு டப்பாவுக்குள், ஒரு மூலையில் இருந்தது. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ 1931இல் வந்தது. அதற்கு அப்படி ஒரு மூலை கிடைக்கவில்லை. பிரதி எங்கும் இல்லை. வழக்கில் தோற்ற ‘மார்த்தாண்ட வர்மா’ இணையத்தில் மட்டும் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் அழித்திருப்பார்கள். 2024 ஜனவரியில் ‘அன்னபூரணி’ படம் எதிர்ப்பு வந்ததும் நெட்ஃபிளிக்ஸிலிருந்து இரவோடு இரவாகக் காணாமல் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். சென்சார் சான்றிதழ் வாங்கித் தியேட்டரில் ஓடிய படம் அது. படத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. ஆனால் ஊரில் ஆயிரம் வீட்டில் டிஸ்க் இருந்திருந்தால் யார் போய் ஆயிரம் வீட்டிலும் எடுப்பார்கள்?

டிஸ்க்கில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடமாக அதன் குறையைத் திருத்தித்தான் சோறு சாப்பிடுகிறேன். விசிடியில் படம் தெளிவு குறைவு. ஒரு சிடியில் ஒன்றேகால் மணி நேரம்தான் அடங்கும், இரண்டு மூன்று தட்டு மாற்ற வேண்டும். டிவிடிக்கு உலகத்தைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பூட்டு வைத்தார்கள். இந்தியா 5ஆம் பாகம், கல்ஃப் 2ஆம் பாகம். அங்கிருந்து ஆசையாக வாங்கிவந்த டிஸ்க் இங்கே ஓடாமல் எத்தனையோ பேர் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள். ரிமோட்டில் நம்பர் அடித்து அந்தப் பூட்டை விடுவிக்கும் பிளேயர்கள் பல இருந்ததால் சமாளித்தோம். டிவிடிக்கு அடுத்து வந்த புளூ-ரேயில் புது டிஸ்க் போட்டால் பிளேயருக்கு அப்டேட் கேட்கும். இப்போது பிளேயர் செய்யும் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக விலகுகின்றன. சாம்சங் 2019இல் நிறுத்தியது. லென்ஸ் கிடைக்க நான் இப்போது சென்னை ரிச்சி தெரு வரை சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

எல்லா டிஸ்க்கும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பலர் இதைத் தெரியாமல், கல்யாண சிடி போய்விட்டது, ஆகவே எல்லா சிடியும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். கம்பெனி டிஸ்க் அச்சில் அழுத்திச் செய்தது, பின்பக்கம் வெள்ளி நிறம். கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா எல்லாம் கடையில் எரித்துக் கொடுத்தவை, பின்பக்கம் ஊதாவோ நீலமோ அடிக்கும். அதில் ஒரு சாயம்தான் படத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயிலும் ஈரமும் பட்டால் சாயம் வெளுக்கும். இரண்டு பருவ மழையும் பெய்கிற எங்கள் ஊரில் பத்து வருடத்தில் போனவை பல. அவற்றை உடனே கம்ப்யூட்டரில் ஏற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். ஆனால் அச்சில் அழுத்திய டிஸ்க்கைக் கவனமாக வைத்தால் நிற்கும். அக்காவின் சூட்கேஸில் இருந்த நூற்றுப் பதினான்கில் ஆறுதான் ஓடவில்லை. அதில் மூன்று, மேல்பக்கத்தில் ஆணி கீறியவை. பளபளப்பான அடிப்பக்கம்தான் முக்கியம் என்று நினைத்துச் சிடியைக் குப்புற வைப்பவர்கள் உண்டு. சிடியிலும் விசிடியிலும் படம் இருப்பது பெயர் அச்சடித்த மேல்பக்கத்துக்கு ஒட்டிய மெல்லிய படலத்தில். அங்கே கீறினால் கதை முடிந்தது. டிவிடியில் இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் தாங்கும். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். குறுக்குக் கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும், வட்டத்தோடு போகும் கீறலை அதனால் தாண்ட முடியாது.

தெளிவு பற்றியும் ஒரு வார்த்தை. புளூ-ரே டிஸ்க் ஒன்றில் 25 அல்லது 50 ஜிபி இடம் உண்டு. படத்தை வினாடிக்கு 40 மெகாபிட் வரை கொடுக்கும். நெட் வழியாக வரும் அதே எச்டி படத்துக்கு 5 மெகாபிட் வேகம் போதும் என்கிறார்கள். மீதி எங்கே போச்சு? நசுக்கிச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். இருட்டுக் காட்சியில் சுவர் கட்டம் கட்டமாகத் தெரிவது டிவி கோளாறு என்று என்னிடம் டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டிவியில் ஒரு கோளாறும் இருக்காது.

மாதச் சந்தா கட்டிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டிலும் கட்டுகிறோம். அது பாட்டம் என்று சொல்லியே கொடுக்கிறார்கள், நாமும் அப்படித்தான் எடுக்கிறோம். ஒரு தடவை பார்க்கும் படத்துக்கு அது போதும். நான் பேசுவது ஒருவர் தன் வாழ்நாளில் திரும்பத் திரும்பப் பார்க்க நினைத்து, தனக்கென்று விலை கொடுத்து எடுத்துவைக்கும் பத்து இருபது படங்களைப் பற்றி.

தயாரிப்பாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லட்சக்கணக்கில் அடிக்க வேண்டாம். கேட்பவர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் டிஸ்க் அடித்துக் கொடுங்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு என்று எல்லா ஒலித்தடத்தையும் அதிலேயே போடுங்கள். திரையின் கீழே வரும் வசன எழுத்துகளையும் போடுங்கள். எல்லையில் வாழும் எங்களுக்கு அது எவ்வளவு உபயோகம் என்று சொல்லி முடியாது. அதுவும் முடியாது என்றால், பூட்டில்லாத ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்றாலும் நான் வாங்குவேன். திருடுபவன் படம் வந்த அன்றே திருடிவிடுகிறான். பூட்டில் சிக்குவது காசு கொடுத்தவன்தான்.

நூலகங்களும் இதைச் செய்யலாம். பாறசாலைப் பக்கம் ஊருக்கு ஊர் வாசகசாலை இருக்கிறது. நம் பக்கம் கிளை நூலகங்கள் இருக்கின்றன. வீட்டில் வேண்டாம் என்பவர்களிடமிருந்து அசல் டிஸ்க்குகளை வாங்கி, பட்டியல் போட்டு, ஒரு பீரோவில் வைக்கட்டும். பழைய தமிழ், மலையாளப் படங்களில் எத்தனையோ விசிடியில் மட்டும் வந்து, பிறகு எங்கும் வராதவை. இரும்புக்கடைக்குப் போகும் மூட்டையில் அப்படி ஒன்று இருக்காது என்று யார் சொல்ல முடியும்? உங்கள் வாசகர் கொடுத்த அந்த இரண்டு மூட்டை இன்னும் உருகியிருக்காவிட்டால், தயவுசெய்து போய்க் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவின் முப்பத்தாறு படங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அதில் எவை டிஸ்க்கில் வந்திருக்கின்றன என்று பார்த்து ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். இருபத்தொன்று வந்திருக்கின்றன. பழைய கடைக்காரர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் கேட்டு இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கிறது. புதிதாகக் கிடைப்பதன் உள்தாளில் இப்போது அக்காவே தேதியும் ஊரும் எழுதுகிறார்.

உங்கள் வாசகர்களில் யாருக்காவது பிளேயர் ‘நோ டிஸ்க்’ காட்டினால், டிஸ்க்கைத் தூக்கிப் போடுவதற்கு முன்பு பக்கத்தில் உள்ள மெக்கானிக்கிடம் லென்ஸைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்கள் என்றால் ஞாயிறு தவிர மற்ற நாளில் காலை பத்து மணிக்கு மேல் கடைக்கு வரலாம். லென்ஸ் துடைக்க நான் காசு வாங்குவதில்லை.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக்,
களியக்காவிளை.